இடது வளைவில் நின்ற கார்

முதலாளி அந்தக் காரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தபோது நான் ஒரு ஸ்டெபிலைசரை வேண்டுமென்றே சூடேற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியையும் வெளியே அனுப்புவதற்கு முன் அரைமணி நேரம் முழு லோடில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கெட்டுப்போகிறதாக இருந்தால் இங்கேயே என் கண்முன்னால் கெட்டுப்போகட்டும், வாங்கினவர் வீட்டில் போய்க் கெட வேண்டாம்.

கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் கம்பெனி. தகரக் கூரை ஷெட். முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர்கள், நடுவில் ஈயம் உருக்கி சால்டர் பண்ணுகிற பெண்கள், கடைசியில் சுவரோரமாக டெஸ்டிங் மேஜை. அந்த மேஜைக்கு என்னை எடுத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்னூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த முதல் பெண் நான். அப்பா இன்னொருவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அம்மா பருத்தி எடுக்க, மஞ்சள் வெட்ட என்று கூப்பிட்ட காட்டுக்கெல்லாம் போனாள். நான் காலையில் சத்தி ரோட்டில் பஸ் ஏறி கணபதியில் இறங்கி, ஒரு கையில் சோத்துப்போசியும் இன்னொரு கையில் மீட்டருமாக நடப்பேன். மீட்டர் என்னுடைய சொந்த மீட்டர். கம்பெனி மீட்டரை நான் நம்புவதில்லை.

"அம்மணி, கையில என்ன வேல? இத ஒருக்காப் பாரு," என்றார் முதலாளி.

ஒரு முழம் நீளம் இருக்கும். மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூடு, சிவப்புப் பெயிண்ட், கீழே கறுத்த ஸ்பாஞ்ச் டயர். நான் அதைப் பார்த்துவிட்டு, யாரோ குழந்தையின் பொம்மை என்று நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"பொம்மை இல்ல. ரேஸ் காரு. ரிமோட்ல ஓடறது. மொபெட் வேகத்துக்குப் போகும்."

அவர் அப்போது முப்பத்தைந்து வயதுக்காரர். தோட்டம் துரவு உள்ள குடும்பம், இவர்தான் முதலில் தொழிலுக்கு வந்தவர். மெஷின் கண்காட்சி பார்க்க சிங்கப்பூர் போனவர் இதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவரைப் பார்த்து அவர் நண்பர்கள் நாலைந்து பேரும் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சரவணம்பட்டிக்கு அந்தாண்டை பருத்திக்கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஃபேக்டரியின் சிமெண்ட் களத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டு ரேஸ் விடுவார்கள். பஞ்சு சீசன் இல்லாதபோது அந்தக் களம் சும்மாதான் கிடக்கும். ஃபேக்டரிக்காரரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

முதலாளியின் பிரச்சினை இதுதான். ரேஸ் அஞ்சு நிமிஷம். முதல் மூணு நிமிஷம் கார் பிய்த்துக்கொண்டு போகும். அப்புறம் திடீரென்று செத்துப்போகும். இரண்டு மூன்று செகண்ட் கழித்துத் தானாகவே உயிர் வந்து கிளம்பும். அதற்குள் மற்ற எல்லாரும் தாண்டிப் போயிருப்பார்கள். பேட்டரியை மாற்றிப் பார்த்தாயிற்று, மோட்டாரை மாற்றிப் பார்த்தாயிற்று. வீட்டில் வைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"ரெண்டு மாசமா."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்துல அம்மணி. வாங்குனது வாங்குனபடிதான் இருக்குது."

கூட்டைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் பயம் போய்விட்டது. எனக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. பேட்டரி. அதிலிருந்து மோட்டாருக்குக் கூடக் குறையக் கரண்ட் விடுகிற கண்ட்ரோலர். ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவர். முன்சக்கரங்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புகிற தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்று, அதற்கு சர்வோ என்று பெயர். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனி பேட்டரி கிடையாது. கண்ட்ரோலருக்குள்ளேயே ஒரு மூலையில் அஞ்சு வோல்ட் ரெகுலேட்டர் இருந்து, பெரிய பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர்களுக்கு அளந்து கொடுக்கிறது. அந்த மூணுகால் ரெகுலேட்டரை எங்கள் ஸ்டெபிலைசர் கார்டில் தினமும் பார்க்கிறவள் நான்.

பேட்டரி பிளக்கில் ஒரு சால்டர் மங்கலாக இருந்தது. பளபளப்பு இல்லாத சால்டரைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தேன். சக்கரம் தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் காரை வைத்துக் கால்மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. "சரியாயிருச்சுங்க," என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அப்படி அவசரப்பட்டுச் சொன்னது என் தப்பு.

திங்கட்கிழமை கார் திரும்பி வந்தது, முன்சக்கரத்தைத் தாங்குகிற கை ஒன்று உடைந்து தொங்க. வளைவில் செத்துப்போய், பின்னால் வந்த கார் அதன்மேல் ஏறியிருக்கிறது. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவருடன் ஜின்னிங் ஃபேக்டரிக்காரரும் வந்திருந்தார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, மெதுவாகப் பேசத் தெரியாதவர். நான் நாலடி தள்ளி நிற்கிறேன் என்பது தெரிந்தே சொன்னார்:

"ஏனுங்க, ஸ்டெபிலைசர் பாக்கற புள்ளைகிட்ட ரேஸ் காரக் குடுத்தா அப்படித்தானுங்க ஆகும். மெட்ராசுக்கு அனுப்பிப்போட்டு வேலையப் பாருங்க."

காது சுட்டது. நடு மேஜைகளில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சால்டர் வைத்தார்கள். அவர் போனபிறகு நான் முதலாளியிடம் போனேன்.

"நான் சரியாயிருச்சுன்னு சொன்னது தப்புங்க. ஓடறதப் பாக்காம சொல்லிப்போட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம நான் களத்துக்கு வரட்டுங்களா?"

அவர் காரை என் பக்கம் தள்ளினார். "வா," என்றார். "மெட்ராசுக்கு அப்புறம் அனுப்பிக்கலாம்."

வீட்டில் சொன்னதும் அம்மா உலைமூடியை இறக்கி வைத்தாள். "ஆம்பளைக காரு உடற எடத்துல உனக்கென்ன கண்ணு வேல?"

"வேலதாம்மா."

"அப்படின்னா நானும் வாரேன்."

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கார் சாகிறது என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, பேட்டரியிலிருந்தே கரண்ட் அறுகிறது. இரண்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, ரிசீவருக்குப் போகிற அஞ்சு வோல்ட் மட்டும் அறுகிறது. மூன்று, எல்லாக் கரண்டும் இருக்கிறது, ரிமோட் சொல்வது ரிசீவருக்குக் கேட்கவில்லை. நின்ற காரைப் பார்த்து இதில் எது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நாம் ஓடிப்போய் எடுப்பதற்குள் அது உயிர் பெற்றுவிடும். அதனால் இரண்டு சின்ன எல்.ஈ.டி. விளக்குகள் வைத்தேன். சிவப்பை நேராகப் பேட்டரியில். பச்சையை ரிசீவருக்குப் போகிற அஞ்சு வோல்ட்டில். வெயிலில் அந்த வெளிச்சம் தெரியாது என்பதால், காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேமரா ஃபிலிம் சுருள் வருகிற கறுப்பு டப்பா கேட்டு வாங்கி, அடியை வெட்டி, விளக்குகளை உள்ளே வைத்துக் காரின் முதுகில் ஒட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் களத்துக்குப் போனபோது மணி எட்டு இருக்கும். கேட்டைத் தாண்டியதும் அம்மா நின்றாள்.

"இந்தக் களமா? இங்க நான் பஞ்சு காயப்போட்டிருக்கறேன். உங்கப்பன் என்னையக் கட்டறதுக்கு முன்னாடி. சித்திர வெயில்ல காலு வெக்க முடியாது."

அதே சிமெண்டில் இப்போது சுண்ணாம்புக் கோடுகள், ஓரத்துக்குப் பழைய சாக்கு மூட்டைகள், நிழலில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஃபேக்டரிக்காரர் என்னைப் பார்த்ததும், "அட, இந்தப் புள்ளையா!" என்றார். பிறகு எங்கள் பக்கம் வந்து, "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"அன்னூருக்குப் பக்கமுங்க."

"அன்னூர்ல யாரூட்டுப் புள்ள?"

இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னேன்: "டிராக்டர் ஓட்டறவரோட புள்ளைங்க. இவங்க எங்கம்மா. உங்க களத்துல பஞ்சு காயப்போட்டவங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகள் பக்கம் நடந்தார். அம்மா சுவரோரத்து நிழலில் தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

கார் வழக்கமாக எங்கே நிற்கும் என்று முதலாளியைக் கேட்டேன். நீளமான இடது வளைவு ஒன்றைக் காட்டினார். அது முடிகிற இடத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஃபேக்டரிக்காரருக்கும் என்ன தோன்றியதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன அது முதுகுல டப்பா?"

"கார் நிக்கறப்ப பச்சை அணையுதா, சிவப்பு அணையுதா, ரெண்டும் எரியுதான்னு பாக்கணுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

ரேஸ் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஐந்து கார்களும் குளவிக் கூட்டம் மாதிரி ரீங்கரித்துக்கொண்டு போயின. சிவப்புக் கார் ஒவ்வொரு முறையும் வளைவில் எங்களை நோக்கி வரும், இரண்டு விளக்கும் டப்பாவுக்குள் எரியும், அப்படியே திரும்பிப் போகும். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. எனக்குக் கால் மரத்துப்போனது. கண்ணை எடுக்கவில்லை.

நாலாவது நிமிஷத்தில் வளைவின் பாதியில் கார் செத்தது.

"பச்சை போயிருச்சு!" என்று என் தலைக்கு மேல் கத்தினார் ஃபேக்டரிக்காரர். "ஏ புள்ள, பச்சை போயிருச்சு! சிவப்பு எரியுது பாரு!"

நானும் பார்த்தேன். இரண்டு செகண்ட் அப்படியே. பிறகு பச்சை மினுக்கென்று வந்தது, கார் துள்ளிக் கிளம்பியது. ரேஸ் முடியும் முன் இன்னும் இரண்டு முறை அதே வளைவில் அதே மாதிரி நின்றது. மூன்று முறையும் பச்சை மட்டும்தான் அணைந்தது. பேட்டரி மேல் குற்றமில்லை. ரிமோட் மேலும் இல்லை. அஞ்சு வோல்ட் எங்கேயோ அறுகிறது.

கார் கைக்கு வந்ததும் கண்ட்ரோலரைத் தொட்டேன். மோட்டாருக்குக் கரண்ட் போகிற பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ரெகுலேட்டர் இருக்கிற மூலையில் விரலை வைக்க முடியவில்லை.

இந்த மூணுகால் ரெகுலேட்டரின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி வரும். ஆக, அணைவது அதுதான். ஆனால் ஏன் இவ்வளவு சூடாகிறது? ரிசீவரும் ஒரு குட்டி சர்வோவும் இழுக்கிற கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதுவும் என் மேஜையில் கால்மணி நேரம் ஓடினபோது ஏன் சூடாகவில்லை?

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னாள்:

"ஏங்கண்ணு, அந்தக் காரெல்லாம் ஏன் ஒரே பக்கமே சுத்துது? செக்குமாடாட்டம். நான் பாத்துட்டே இருந்தேன், கிறுகிறுன்னு வந்துருச்சு."

"கோடு அப்படிப் போட்டிருக்காங்கம்மா. எல்லாம் இடது பக்கம் திரும்பற மாதிரி..."

சொல்லும்போதே நிறுத்திவிட்டேன். செங்கல் மேல் வைத்து நான் ஓட்டியபோது கார் திரும்பவே இல்லை. சக்கரம் நேராக இருந்தது. சர்வோவுக்கு வேலையே கொடுக்கவில்லை நான். அங்கே களத்தில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ் வந்தும் நான் ஏறாமல் நின்றதாகவும், தான் கையைப் பிடித்து ஏற்றியதாகவும் அம்மா பின்னால் சொல்வாள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி வருவதற்குள் காரைத் திறந்து வைத்திருந்தேன். பச்சை விளக்கு இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் வந்ததும் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"இடது பக்கம் முழுசாத் திருப்பிப் பிடிச்சுக்குங்க. விட்டுறாதீங்க."

பிடித்தார். சக்கரங்கள் திரும்பி முட்டி நின்றன. ஆனால் சர்வோவிலிருந்து ஒரு முனகல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். மீட்டரை வைத்தேன். முள் ஒரேயடியாகப் போய் அந்தப் பக்கம் நின்றது. சக்கரம் அதற்கு மேல் திரும்ப இடமில்லை, தடுப்புக் கட்டையில் முட்டிவிட்டது. சர்வோவுக்கு அது தெரியவில்லை. இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு என்று முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பூட்டின கதவைத் தோளால் தள்ளுகிற ஆள் மாதிரி. அந்தக் கரண்ட் முழுவதும் ரெகுலேட்டர் தலையில் விழுகிறது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலாளிக்குக் கை வலித்தது. நடு மேஜையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். ஒருத்தி, "என்னக்கா நடக்குது?" என்றாள். "சாகப்போகுது, பாரு," என்றேன்.

இரண்டு நிமிஷம் தாண்டி, பச்சை அணைந்தது. சக்கரங்கள் தொய்ந்தன. முனகல் நின்றது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி பச்சை வந்தது.

ஒரு சாமான் என் கண்முன்னால் கெட்டுப்போனதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. களத்தில் மட்டுமே நடக்கிறது, யாருக்கும் பிடிபடவில்லை என்றார்களே, அதை இப்போது என் மேஜையில், நான் சொன்ன நேரத்துக்கு, நான் சொன்ன பக்கம் திருப்பி நடத்திக் காட்டிவிட்டேன். கோளாறு கைக்குள் வந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி கொஞ்சம் சங்கடமானது. சர்வோவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. சக்கரத்துக்குப் போகிற கம்பி கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. நடு ஓட்டையைச் சுற்றிப் பழைய தேய்மானம் பளபளவென்று தெரிந்தது. அதாவது கம்பி முன்பு அங்கேதான் இருந்திருக்கிறது.

"இந்தக் கம்பிய ஓட்ட மாத்தி மாட்டுனது யாருங்க?" என்று கேட்டேன்.

கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அது... நாந்தான். அந்த வளைவுல இன்னும் கொஞ்சம் நல்லாத் திரும்பட்டும்னு."

"எப்பங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்," என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பின்னால் இருந்த பெண்களில் யாரோ வாயைப் பொத்திக்கொள்வது கேட்டது. நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஷெட்டே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"ஒண்ணும் மாத்துலேன்னு எத்தன பேர்கிட்ட சத்தியம் பண்ணிப்போட்டேன் அம்மணி!"

கம்பியை நடு ஓட்டைக்கு மாற்றினேன். சக்கரம் முட்டுகிற இடத்துக்கு நூலளவு முன்னால் சர்வோ நின்றுகொள்கிற மாதிரி கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தேன். அப்படியென்றால் திரும்புவது குறைந்துவிடாதா என்று கேட்டார். கடைசி ஓட்டையில் இருந்தபோதும் சக்கரம் கட்டை வரைக்கும்தான் போனது, அதற்கு மேல் போன தெம்பெல்லாம் சூடாகத்தான் வீணாயிற்று என்று விளக்கினேன். ரெகுலேட்டர் மூலையில் நகத்தளவு அலுமினியத் தகடு ஒன்றையும் வைத்துக் கட்டினேன். அப்புறம் அரைமணி நேரம் இடது, வலது என்று பிடித்து வைத்துப் பார்த்தேன். பச்சை கண் சிமிட்டவில்லை. இந்தத் தடவை 'சரியாயிருச்சு' என்று சொல்லவில்லை. "களத்துல பாத்துட்டுச் சொல்றேனுங்க," என்றேன்.

அடுத்த ஞாயிறு பெங்களூரிலிருந்து நாலு பேர் கார்களோடு வந்திருந்தார்கள். களம் நிறைய ஆட்கள். அம்மாவை நான் கூப்பிடவே இல்லை, தலையில் பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஃபேக்டரிக்காரர் தன் ஆளைக் கூப்பிட்டு இரண்டு நாற்காலி போடச் சொன்னார். அம்மா உட்காரலாமா என்று என்னைப் பார்த்தாள். "உக்காரும்மா," என்றேன். நான் உட்காரவில்லை. வளைவுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது நிமிஷம் தாண்டியது. நாலாவது நிமிஷத்தில் சிவப்புக் கார் வளைவில் என்னை நோக்கி வந்தது. பச்சை எரிந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது, பச்சை எரிந்தது. அஞ்சு நிமிஷமும் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடி முடித்தது. பெங்களூர்க்காரர் ஒருவர்தான் முதல். முதலாளி இரண்டாவது. ஆனால் முதலில் வந்தவரைவிட இவர்தான் அதிகம் குதித்தார். காரைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "இப்பச் சொல்லு அம்மணி," என்றார்.

"சரியாயிருச்சுங்க," என்றேன்.

அடுத்த ரேஸில் பெங்களூர்க்காரர்களில் ஒருவரின் கார் தத்தளித்தது. நின்றும் நிற்காமலும், விக்கல் வந்த மாதிரி. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஃபேக்டரிக்காரரின் குரல் களம் முழுக்கக் கேட்டது:

"சும்மா பேட்டரியக் கழட்டாதீங்க சார். எங்க அம்மணிகிட்டக் குடுங்க. பச்சையா செகப்பான்னு பாத்துச் சொல்லிப்போடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மணி, கொஞ்சம் வந்து பாருங்க," என்றார்.

'பாருங்க' என்றதைக் கவனித்தேன். ஒரு வாரத்துக்கு முன் நான் 'புள்ள'யாக இருந்தேன்.

டப்பாவை அந்தக் காரில் மாட்டி ஓட்டச் சொன்னேன். விக்கினபோது பச்சையும் எரிந்தது, சிவப்பும் எரிந்தது. அப்படியென்றால் கரண்ட்டில் குறையில்லை, ரிமோட் சொல்வது காதில் விழவில்லை. கூட்டைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தேன். பிரஷ் வைத்த மோட்டார் சுற்றும்போது பொறி பறந்து ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். அதை அமுக்கத்தான் மோட்டாரின் மேல் மூன்று சின்ன கெப்பாசிட்டர்கள் வைப்பார்கள். அவர் புது மோட்டார் மாட்டினவர், அவற்றை வைக்காமலேயே மாட்டியிருக்கிறார். ஃபேக்டரி ஆபீசில் சால்டர் அயர்னுக்கு ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு, ஒரு மேஜை ஓரத்தில் நின்றபடி சால்டர் வைத்தேன். கூடக் கொண்டுபோயிருந்த என் சாமான் பெட்டியில் கெப்பாசிட்டருக்குப் பஞ்சமில்லை. பத்துப் பதினைந்து ஆண்கள் வட்டமாக நின்று என் கையைப் பார்த்தார்கள். மூன்று சால்டரும் கண்ணாடி மாதிரி விழுந்தன.

அந்தக் கார் ஒரு சுற்று சுத்தமாக ஓடி வந்ததும் பெங்களூர்க்காரர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் எங்கே பயிற்சி எடுத்தேன், எந்த நாட்டுக் கம்பெனியில் என்று. எங்கள் பெண்கள் பாலிடெக்னிக்கின் பெயரைச் சொன்னேன். பிறகு, ஸ்டெபிலைசர் டெஸ்டிங்கில் இருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டையும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். என் இங்கிலீஷ் சுமார்தான். அதில் ஒரு தப்பும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் கம்பெனியில் சர்வீஸுக்கு என்று தனிப் பிரிவு வந்தபோது அதை என்னிடம் கொடுத்தார்கள். வெளியூருக்குப் போய், மில்களில், ஆஸ்பத்திரிகளில், என்னைவிட வயதில் மூத்த எலக்ட்ரீஷியன்களிடம் "எப்ப இருந்துங்க? அதுக்கு முன்னாடி என்ன மாத்துனீங்க?" என்று கேட்கிற வேலை. ரேஸ் கார்களும் வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு சமயம் என் மேஜைக்கடியில் ஏழு கார் வரிசையாகக் கிடந்தது நினைவிருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிறு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது திரும்பி வந்த பஸ்தான். கோவில்பாளையம் தாண்டி உட்கார இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மாள்.

"எங்க போயிட்டு வாரீங்க?" என்று கேட்டார்.

"எம் புள்ளைக்கு வேல இருந்துச்சுங்க. காரு ரிப்பேரு."

"புள்ளையா? பையனுங்களா?"

"இவதானுங்க," என்று என் தோளில் கை வைத்தாள் அம்மா. "ரேஸ் காரு. பெங்களூர்ல இருந்தெல்லாம் கொண்டாந்து குடுக்கறாங்க. உள்ள ஆளே இல்லாம ஓடும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளே இல்லாமயா?"

"ஆமாங்க. என்ன, சும்மா சும்மா நின்னுபோகும். இவ போனாத்தான் ஓடும்."

பாதிதான் சரி. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்னூர் வரும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.